டி.என். 23 லைசென்ஸோடு இங்கிலாந்தில் லாரி ஓட்ட முடியுமா?

லீவில் வேலூர் வந்து பத்து நாள் ஆகிறது. சத்துவாச்சாரி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், யாராவது வந்து மொபைலில் லைசென்ஸ் போட்டோவை நீட்டிவிடுகிறார். "அண்ணா, இதை வச்சு அங்க எந்த லாரி ஓட்டலாம்?" எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். மனைவி நர்ஸ், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, கணவர் டிபெண்டன்ட் விசாவில் கூடப் போகிறார். அவருக்குத் தெரிந்த தொழில் ஸ்டியரிங். நானும் அப்படிப் போனவன்தான். போவதற்கு முன் ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து சென்னை துறைமுகத்துக்கு லோடு அடித்தவன். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஊர் லைசென்ஸை வைத்து அங்கே லாரி ஓட்ட முடியாது. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"12 மாசம் ஓட்டலாம்னு சொல்றாங்களே?" உண்மைதான். இந்திய லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால், அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வண்டி ஓட்டலாம். ஆனால் அது சின்ன வண்டிக்கு மட்டும்: மொத்த எடை 3500 கிலோவுக்குள், பயணிகள் சீட் எட்டுக்குள். உங்கள் கார்டில் டிரான்ஸ்போர்ட் என்று இருந்தாலும், இருபது வருடம் டாரஸ் மாதிரி பெரிய லாரி ஓட்டியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிக்கொண்டால் லாரியும் ஓட்டலாம் என்று கிரீன் சர்க்கிள் பக்கம் ஒருவர் அடித்துச் சொன்னாராம். அந்தப் பெர்மிட் நம் லைசென்ஸை மற்ற நாட்டுக்காரர்கள் படிக்க உதவும் ஒரு தாள், அவ்வளவுதான். இல்லாத தகுதியை அது தராது.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது 7500 என்ற எண்ணில். நானும் அதில்தான் மாட்டப் பார்த்தேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) என்றால் மொத்த எடை 7500 கிலோ வரை. அந்த எடைக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாமா, பேட்ஜ் என்கிற தனி டிரான்ஸ்போர்ட் அனுமதி வேண்டுமா என்று பல வருடம் இழுபறி. 2017இல் உச்ச நீதிமன்றம் ஓட்டலாம் என்றது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆக ஊரில் ஐச்சர் லாரி ஓட்டும் பையனுக்கு 7500 என்பது பழகிப்போன கோடு. பிரிட்டனுக்குப் போனால் அங்கும் 7.5 டன் லாரி என்று ஒரு வகை இருக்கிறது! கேட்டதும் நம் மனசு இரண்டையும் ஒட்டிவிடும். ஆனால் அங்கே கார் லைசென்ஸ் 3500 கிலோவோடு முடிந்துவிடுகிறது. 3500க்கு மேல் 7500 வரை ஓட்ட சி1 என்ற தனி லைசென்ஸ் வேண்டும். நமக்கு சின்ன வண்டி முடிகிற இடத்தில், அவர்களுக்கு லாரியின் முதல் படி முடிகிறது.

நான் போன மூன்றாவது மாதம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருநாள் "நீ லாரி டிரைவராமே, 7.5 டன் ஓட்டுவாயா" என்று கேட்டார். எங்கள் ஊரில் என் லைசென்ஸுக்கு அது சாதாரணம் என்றேன். அவரும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வண்டி நின்ற இடத்தில் ஒரு வயதான பஞ்சாபி டிரைவர், முப்பது வருடம் அங்கே ஓட்டியவர், என் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சாவியைத் திருப்பிக் கொடு."

அன்று கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகுதான் விசாரித்தேன். வண்டிக்கு உரிய லைசென்ஸ் இல்லை என்றால் இன்சூரன்ஸும் நம் பக்கம் நிற்காது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு வழக்கமாக 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 பெனால்டி பாயின்ட். அங்கே புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் முதல் இரண்டு வருடத்துக்குள் 6 பாயின்ட் வாங்கினால் லைசென்ஸே போய்விடும், திரும்ப எல்.போர்டு. சாவி கொடுத்தவருக்கும் சிக்கல் உண்டு. ஆனால் முதலில் போலீஸ் முன் நிற்பது ஸ்டியரிங் பிடித்தவன்தான்.

அந்தப் பஞ்சாபிப் பெரியவர் சொல்லித்தான் ஒரு பழக்கம் வந்தது. வண்டியைப் பார்க்காதே, அதன் எடைத் தகட்டைப் பார். லூட்டன் என்று ஒரு பெட்டி வண்டி இருக்கிறது. வீடு மாற்றுகிறவர்கள் வாடகைக்கு எடுப்பது. பார்க்க நம் பதினான்கு அடி ஐச்சர் மாதிரி உயரமாக, அகலமாக இருக்கும். அதில் பெரும்பாலானவை 3500 கிலோ வண்டி, கார் லைசென்ஸே போதும். அதே தெருவில் அதைவிடக் குட்டையாக நிற்கும் ஒரு லாரிக்கு சி1 வேண்டியிருக்கும். இன்னொன்று, கணக்கில் எடுப்பது அன்றைக்கு ஏற்றிய லோடு கிடையாது. அந்த வண்டி முழு லோடோடு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று பதிவாகியிருக்கிறதோ அந்த எடை. நம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடை மாதிரி. காலி வண்டிதானே, கிடங்கு வரை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நம் ஊர் வண்டிகளை வைத்துச் சொன்னால் சுலபம். குட்டியானை, தோஸ்த் மாதிரி சின்ன சரக்கு வண்டி எல்லாம் அங்கே கார் லைசென்ஸ் வண்டிகள். டாடா 407, ஐச்சர் என்று வந்தால் சி1 பக்கம் போய்விடும். நம் ஆறு வீல், டாரஸ், டிப்பர் இதெல்லாம் சி என்ற அடுத்த வகை. அதில் மேல் வரம்பு எடை கிடையாது. அங்கே நான்கு ஆக்சில் டிப்பர் 32 டன் வரை ஓடுகிறது, அதுவும் சி தான். டிரெய்லர், கண்டெய்னர் இழுக்க சி பிளஸ் ஈ. ஆறு ஆக்சில் உள்ள டிரெய்லர் வண்டி 44 டன் வரை போகலாம். டிரைவர்கள் யாரும் இந்த எழுத்துகளைச் சொல்வதில்லை. 'கிளாஸ் டூ' என்றால் சி, 'கிளாஸ் ஒன்' என்றால் சி பிளஸ் ஈ. ஒன்று பெரியது, இரண்டு சின்னது. வேலை விளம்பரத்தில் கிளாஸ் ஒன் என்று பார்த்துவிட்டு, முதல் படி போலிருக்கிறது என்று விண்ணப்பம் போட்ட ஆம்பூர்க்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். (நான் இல்லை.)

உங்களோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர், "கார் லைசென்ஸிலேயே 7.5 டன் ஓட்டலாமே, நான் ஓட்டுகிறேனே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 1997 ஜனவரி 1க்கு முன் அங்கே கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு சி1 கூடவே வந்துவிட்டது. அது அவர் வயதுக்குக் கிடைத்த சலுகை. நமக்குக் கிடையாது.

சரி, அப்படியானால் வழி என்ன? சுற்றுவழிதான். முதலில் அங்கே புரவிஷனல் லைசென்ஸ் எடுக்க வேண்டும், நம் எல்.எல்.ஆர். மாதிரி. நான் எடுத்தபோது ஆன்லைனில் 34 பவுண்ட். பிறகு கார் தியரி 23 பவுண்ட், கார் பிராக்டிகல் 62 பவுண்ட். தியரி ஆங்கிலத்தில் அல்லது வெல்ஷ் மொழியில் மட்டும், தமிழ் கிடையாது, மொழிபெயர்ப்பாளரும் கிடையாது. படிக்கச் சிரமம் என்றால் ஹெட்போனில் ஆங்கிலத்தில் கேட்கும் வசதி உண்டு. பிராக்டிகலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் விமானம் இறங்கிய வாரமே புரவிஷனலுக்குப் போடுங்கள். அதை எடுத்துவிட்டால் ஊர் லைசென்ஸில் கார் ஓட்டும் 12 மாத உரிமை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், போகாது.

கார் டெஸ்டில் நான் முதல் தடவை ஃபெயில். வீட்டில் சொல்ல வெட்கம். வாலாஜா டோல்கேட்டில் கண்ணை மூடிக்கொண்டு லேன் பிடித்தவன், ஒரு சின்ன காரில் ரவுண்டானாவில் தோற்றுவிட்டேன். நம் கண் முன்னாடி இருக்கும் வண்டியைத்தான் பார்க்கும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துச் சொல்வான் என்று கை பழகிவிட்டது. அங்கே ஹாரன் அடிப்பது ஏறக்குறைய திட்டுவது மாதிரி. கண்ணாடியை நீங்கள்தான் ஓயாமல் பார்க்க வேண்டும், பார்ப்பது எக்ஸாமினருக்குத் தெரியும்படி பார்க்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரியும் என்பதற்காக வகுப்பே போகாமல் இருந்துவிடாதீர்கள். ஐந்தாறு மணி நேரமாவது ஒரு இன்ஸ்ட்ரக்டருடன் ஓட்டுங்கள். அவர் ஓட்டச் சொல்லித்தரப் போவதில்லை, நம் பழக்கத்தைக் கழற்றுவார்.

கார் கையில் வந்த பிறகு லாரி. டி2 என்ற விண்ணப்பம், டி4 என்ற மெடிக்கல் படிவம். பிறகு லாரி தியரி: 100 கேள்விக்கு 85 சரியாக வேண்டும், ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வீடியோ தேர்வு ஒன்று, 100க்கு 67. கூலிக்கு ஓட்டுவதாக இருந்தால் சி.பி.சி. என்ற தொழில் தகுதியும் வேண்டும். அதில் சூழ்நிலையைக் கொடுத்துக் கேட்கும் எழுத்துத் தேர்வும், லோடு கட்டுவது, வண்டியைச் சோதிப்பது போன்றவற்றைச் செய்து காட்டும் தேர்வும் தனி. பாஸ் ஆனபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேர வகுப்பு. இதற்கெல்லாம் பயிற்சிப் பள்ளியில் ஆயிரக்கணக்கில் பவுண்ட் செலவாகும். சில கம்பெனிகளே கட்டிவிடுகின்றன, ஆனால் இத்தனை மாதம் எங்களை விட்டுப் போகக்கூடாது என்று எழுதி வாங்குவார்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முன்பு சி பாஸ் செய்தபிறகுதான் டிரெய்லருக்குப் போக முடியும். 2021 நவம்பர் முதல் நேரடியாக சி பிளஸ் ஈ எழுதலாம், பாஸ் ஆனால் சி யும் சேர்ந்து வந்துவிடும். ஊரில் டிரெய்லர் இழுத்தவர் என்றால் நேராக அதற்கே போங்கள், காசு மிச்சம். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும் கை ஒருமுறை வந்துவிட்டால் எந்த நாட்டிலும் மறக்காது. டாரஸ் வரைதான் ஓட்டியிருக்கிறீர்கள் என்றால் சி எடுத்து ஒரு வருடம் ஓட்டிப் பழகுங்கள் என்பது என் கருத்து. இதில் என் நண்பர்களே என்னோடு ஒத்துப்போவதில்லை.

ஓட்ட ஆரம்பித்த பிறகு டாக்கோ கார்டு. வண்டியில் உள்ள கருவியில் செருகினால் நீங்கள் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்று நிமிடக் கணக்கில் பதிவாகும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. துறைமுக வரிசையில் ராத்திரி முழுக்க நகர்ந்து நகர்ந்து, விடிந்ததும் லோடு இறக்கி அப்படியே ராணிப்பேட்டைக்குத் திரும்பின உடம்புக்கு இது முதலில் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. இப்போது ஊர் டிரைவர்களைப் பார்த்தால் எப்படித்தான் ஓட்டினோமோ என்று இருக்கிறது.

புரோக்கர் விஷயம். லாரி டிரைவர் விசா என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே வேலை விசாப் பட்டியலில் லாரி ஓட்டும் வேலை இல்லை. 2021இல் ஆள் பஞ்சத்தில் தற்காலிகமாக 5000 பேருக்குத் திறந்தார்கள், அதுவும் சில மாதத்தோடு முடிந்துவிட்டது. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு இன்னும் வியாபாரம் நடக்கிறது. நர்ஸின் கணவராக டிபெண்டன்ட் விசாவில் போய் ஓட்டுவது வேறு, அதற்குத் தடையில்லை. மனைவிக்குக் கிடைத்திருப்பது கேர் ஒர்க்கர் (முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும்) வேலை என்றால் கவனம். 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் புதிதாக விசா எடுத்துப் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியவில்லை. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புது விசாவே கிடையாது.

எழுதி முடிப்பதற்குள் வந்த சில கேள்விகள்.

குடியாத்தம் தம்பி: "நான் கனடா போறேன்ணா, அங்கயும் இதே 3500 தானா?" இல்லை தம்பி. ஒன்டாரியோவில் சாதாரண ஜி லைசென்ஸிலேயே 11,000 கிலோ வரை ஓட்டலாம். அதற்கு மேல் டி, பெரிய டிரெய்லருக்கு ஏ. ஏர் பிரேக் வண்டிக்குத் தனியாக இசட் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கார் லைசென்ஸ் 4.5 டன்னோடு நின்றுவிடும். நியூசிலாந்தில் 6 டன். ஒரே ஐச்சர் ஒரு நாட்டில் கார் வகை, இன்னொரு நாட்டில் லாரி. இங்கிலாந்துக்காரன் எழுதினதைப் படித்துவிட்டு கனடாவில் ஓட்டிவிடாதே. ஒன்டாரியோ கணக்கு ஆல்பர்ட்டாவுக்கே பொருந்துமா என்று அங்கே போய்க் கேள்.

வாணியம்பாடி தங்கை: "நடுவுல ஊருக்கு வந்துட்டுப் போனா 12 மாசம் புதுசா ஆரம்பிக்குமாண்ணா?" ஆரம்பிக்காதும்மா. அவர் அங்கே குடியேறின நாள்தான் கணக்கு, லீவில் வந்து போவது சேராது.

எலக்ட்ரிக் வேன் பற்றி ஒருவர் கேட்டார். பிரிட்டிஷ் கார் லைசென்ஸ் எடுத்தபிறகு, 2025 ஜூன் 10 முதல் எலக்ட்ரிக் வேன் என்றால் 4250 கிலோ வரை அதிலேயே ஓட்டலாம். டீசல் வேனுக்குப் பழைய 3500தான்.

காட்பாடி மாமா ஒருவர்: "மெடிக்கலை இங்கேயே முடிச்சுக்கிட்டுப் போயிடலாமா, செலவு கம்மி." முடியாது மாமா. டி4 படிவத்தை அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர்தான் நிரப்ப வேண்டும். சுகருக்கு மாத்திரை போடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். கார் ஓட்டுகிறவருக்கு விடுவதை லாரி ஓட்டுகிறவருக்கு விடமாட்டார்கள், கேட்பார்கள். ஆனால் கண்ணை இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். நல்ல கண்ணில் 6/7.5 தெரிய வேண்டும், இன்னொரு கண்ணில் 6/60 ஆவது தெரிய வேண்டும், கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இங்கே பாதி விலை. இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு போங்கள், ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.