மீட்டர் கட்டணத்தில் கிடைத்த நேர்க்கோடு

மாலையில் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். புள்ளிகளையும் கோடுகளையும் எண்களால் எழுதும் ஆயத்தொலை வடிவியல் தொடங்கினாலே ஒரு கேள்வி வந்துவிடும்: "மிஸ், இதுக்கு எந்த ஃபார்முலா?" சாய்வு-வெட்டுத்துண்டு, புள்ளி-சாய்வு, இரு புள்ளி, வெட்டுத்துண்டு வடிவம் என்று நேர்க்கோட்டின் சமன்பாட்டை எழுதும் நான்கு வழிகளையும் மடமடவென ஒப்பிப்பார்கள். கணக்கைக் கொடுத்தால் பேனா நகராது.

போன வருடம் ஒரு பையன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவர். சரி, 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் என்றேன். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 5 கிலோமீட்டர் போனால் எவ்வளவு? 63 ரூபாய் 40 காசு என்றான். "1.8 போக மிச்சம் 3.2 மிஸ். அதைப் பன்னிரண்டால் பெருக்கி 25-ஐக் கூட்டினேன்."

அதையே 5-க்குப் பதில் எக்ஸ், கட்டணத்துக்கு ஒய் என்று போட்டு எழுதச் சொன்னேன். 25-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்ததும் ஒய் − 25 = 12(எக்ஸ் − 1.8) என்று நோட்டில் வந்து நின்றது. புள்ளி (1.8, 25); சாய்வு, அதாவது எக்ஸ் ஒன்று கூடும்போது ஒய் கூடும் அளவு, 12. அவன் மனப்பாடம் செய்திருந்த புள்ளி-சாய்வு வடிவமேதான்! சுருக்கினால் ஒய் = 12எக்ஸ் + 3.4.

அப்புறம் அவன் கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "ஏறினாலே 25 ரூபாய்தானே மிஸ், இந்த 3.40 எங்கேயிருந்து வந்தது?" கோட்டைப் பின்னால் நீட்டினால் ஒய் அச்சை வெட்டும் இடம் அது. ஆனால் 1.8 வரை கட்டணம் 25-லேயே படுத்துக் கிடக்கும். அதற்குப் பிறகுதான் இந்தக் கோடு ஏறத் தொடங்கும். கிராஃப் தாளில் அவனே வரைந்து பார்த்தான்.

*

மேலே டியூஷன் மிஸ் எழுதியதைப் படித்ததும் என் மகளின் நோட்டு ஞாபகம் வந்தது. (2, −3), (5, 6) வழியாகச் செல்லும் கோடு. 6-இலிருந்து −3-ஐக் கழிக்கவேண்டிய இடத்தில் 6 − 3 என்று எழுதி, அதை 5 − 2-ஆல் வகுத்து, சாய்வு 1, ஒய் = எக்ஸ் + 1 என்று முடித்திருந்தாள். தப்பு என்று நான் சொல்லவில்லை. "முதல் புள்ளியைப் போட்டுப் பாரும்மா" என்றேன். எக்ஸ் 2 என்றால் ஒய் 3 வருகிறது, வரவேண்டியது −3. அவளே அழித்துவிட்டுச் சாய்வு 9/3, அதாவது 3, ஒய் = 3எக்ஸ் − 9 என்று எழுதினாள். இப்போது விடை வந்ததும் இரண்டு புள்ளிகளையும் போட்டுப் பார்க்காமல் நோட்டை மூடுவதில்லை. அரை நிமிட வேலைதான்.

*

இவர்கள் இருவரும் எழுதியதை நானும் படித்தேன்; நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. (4, 1), (4, 7) என்று ஒரு கணக்கு. 6-ஐ 0-ஆல் வகுக்க வேண்டி வந்ததும், சாய்வு பூஜ்ஜியம்தான் போல என்று ஒய் = 1 எழுதிவிட்டேன். அந்தக் கோட்டில் (4, 7) இல்லவே இல்லை. புள்ளிகளை வைத்து வரைந்த பிறகுதான் கோடு விளக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. அதற்குச் சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. ஒய் எதுவானாலும் எக்ஸ் மட்டும் மாறாது: எக்ஸ் = 4.