நாளைக் காலை குவாடலூப் ஆற்றுப் பூங்காவுக்குக் கிளம்ப வேண்டும், அவசரம்

கேட்பவர் (சான் ஆன்டோனியோ):
வணக்கம். டெக்சாஸுக்குப் புதிது. ஆபீஸ் நண்பர் குடும்பமும் நாங்களும் குவாடலூப் ரிவர் ஸ்டேட் பார்க்கில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். இப்போது போன் பண்ணி, தான் வரவில்லை என்கிறார். புக்கிங் எல்லாம் அவர் பெயரில். எனக்கு டென்ட் அடிக்கத் தெரியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா வந்தே தீருவேன் என்கிறார். பையனைக் கயாக்கில் (சின்னத் துடுப்புப் படகு) ஏற்றலாமா? யாராவது சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி:
தம்பி, முதலில் கார் டயரைப் பாருங்கள். நான் வந்த புதிதில் கார் கிடையாது. ஆகஸ்ட் வெயிலில் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன், ஏறிக்கொள் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் லைசென்ஸ், இன்சூரன்ஸ் இரண்டையும் முதலில் முடியுங்கள். டென்ட் வாங்காதீர்கள், தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள்.

ஆஸ்டின் அக்கா:
ராத்திரி நேரத்தில் யாரிடம் போய் இரவல் கேட்பார்? வால்மார்ட்டில் வாங்கிவிடுங்கள். இன்றைக்கே ஹாலில் விரித்து ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அங்கே தரை சுண்ணாம்புக்கல், ஆணி லேசில் இறங்காது. சுத்தியல் எடுத்துப் போங்கள்.

டாலஸ்காரர்:
ஆற்றில் இறங்கத் தலைக்கு 7 டாலர், படுக்கத் தனிக் கட்டணம். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கி அடுப்பு மூட்டவும் கூடாது. ஊரில் ஆடிப்பெருக்குக்கு யாரிடம் டிக்கெட் வாங்கினோம்?

ஹூஸ்டன்வாசி:
அதையேதான் நானும் சொல்கிறேன். வாடகை, வரி, எதைத் தொட்டாலும் காசு.

ஆஸ்டின் அக்கா:
அந்தப் பணத்தில்தான் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. 12 வயது வரை நுழைவுக் கட்டணமும் கிடையாது. அடிக்கடி போவதென்றால் 70 டாலர் ஆண்டு பாஸ் போதும், காரில் வரும் எல்லோருக்கும் அதிலேயே நுழைவு.

கெர்வில் அருகில் வசிப்பவர்:
காசுப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 4 அதிகாலையில் இதே ஆறு, பூங்காவுக்கு முன்னால் ஆறு வரும் வழியில் எங்கள் பக்கம், முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 26 அடி ஏறியது. தூக்கத்திலேயே பலர் போய்விட்டார்கள். அதனால் ஆறு வரும் வழியில் எங்காவது மழை என்று செய்தி வந்தால், உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் ஆற்றில் இறங்காதீர்கள். போனில் எச்சரிக்கை ஒலியை அணைக்காமல், சார்ஜ் போட்டுத் தூங்குங்கள். சரி, கேட்டதற்கு வருவோம். எந்தப் பகுதியில் இடம்? மொத்தம் எத்தனை பேர்? பையனுக்கு என்ன வயது? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கேட்பவர்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதியது. இடம் வேகன் ஃபோர்ட் என்று போட்டிருக்கிறது. நாங்கள் நாலு பேர். பையனுக்கு ஒன்பது. அம்மாவுக்கு மூட்டுவலி. கயாக் ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது.

கெர்வில் அருகில் வசிப்பவர்:
வேகன் ஃபோர்டில் காரை நிறுத்திவிட்டுச் சாமானைச் சுமந்து நடக்க வேண்டும். அம்மாவுக்கு ஆகாது. நண்பரிடம் புக்கிங் மின்னஞ்சலை இப்போதே வாங்குங்கள். காலையில் பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டு, அவருக்குப் பதிலாக நீங்கள் வருவதைச் சொல்லி, சீடர் சேஜிலோ டர்க்கி சிங்க்கிலோ இடம் உண்டா என்று கேளுங்கள். அங்கெல்லாம் கார் பக்கத்திலேயே நிற்கும். டர்க்கி சிங்க்கில் மின்சாரமும் உண்டு, அம்மாவுக்கு ஒரு ஃபேன் போடலாம். இரண்டும் இல்லையென்றால் பகலில் மட்டும் இருந்துவிட்டு வாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தானே.

கயாக்கில் 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிவிட்டபின் பையனின் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்குங்கள். காதுவரை ஏறினால் அது பெரியது, அதைப் போட்டுக்கொண்டு அவன் தண்ணீரில் இறங்கக் கூடாது. கிளம்பும் முன், பக்கத்தில் ஸ்பிரிங் பிராஞ்ச் என்ற இடத்தில் இதே ஆற்றில் உள்ள நீரளவு மானியில் நீர்வரத்து எவ்வளவு என்று இணையத்தில் பாருங்கள். வினாடிக்கு 100 கன அடிக்குக் கீழே என்றால் கயாக் கல்லில் தட்டிக்கொண்டே இருக்கும், அன்றைக்குக் குளியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாசி வழுக்கும், அம்மாவுக்குப் பின்பட்டி வைத்த செருப்பு எடுங்கள்.