புதுப்பிப்பு: பேரல் கட்டர் ஃபினிஷிங்கில் விழுந்த கோடுகள் போய்விட்டன

சுவரில் விழுந்த கோடுகளைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காக முடிவை எழுதுகிறேன்.

பிரச்சினை இதுதான்: ஐந்து அச்சு மெஷினில் (கட்டரைச் சாய்த்தும் வெட்டக்கூடிய இயந்திரம்), உலோகப் பாகத்தின் செங்குத்தான சுவரை 10 மி.மீ. விட்டமுள்ள பால் நோஸுக்கு (உருண்டை முனைக் கட்டர்) பதிலாக 250 மி.மீ. பக்கவாட்டு ஆரமுள்ள டேப்பர் பேரல் கட்டரால் (பக்கம் பெரிய வில்லாக வளைந்து, முனை நோக்கிக் குறுகும் கட்டர்) ஃபினிஷ் செய்தபோது, அதாவது கடைசியாக வழவழப்பாக்கியபோது, பாஸுக்குப் பாஸ் (கட்டரின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும்) மெல்லிய படிக்கோடு விழுந்தது.

ஸ்டெப்ஓவரை (அடுத்தடுத்த பாஸ்களுக்கு இடையிலான தூரம்) குறைத்தால் கோடுகள் நெருங்கினவே தவிர, போகவில்லை. பலன் தந்தது, கட்டரின் சாய்வுக் கோணத்தைச் சரிபார்க்கச் சொன்ன யோசனைதான். கட்டர் தன் வில்லின் நடுவில் தொடாமல் முனைப்பக்கமாகத் தொட்டிருக்கிறது; வில் முடியும் இடம்தான் சுவரில் பதிந்தது. கட்டரின் பாதையை வகுக்கும் கேம் (CAM) மென்பொருளில் சாய்வை மாற்றி, தொடும் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்ததும் சுவர் சுத்தம்.

லாபம் உண்மையிலேயே பெரிது. பாஸ்களுக்கு இடையே மிஞ்சும் மேட்டின் உயரம் ஏறக்குறைய ஸ்டெப்ஓவரின் வர்க்கத்தை எட்டு மடங்கு ஆரத்தால் வகுத்தால் வருவது. பால் நோஸில் 0.3 மி.மீ. ஸ்டெப்ஓவர் தரும் அதே மேடு, இதில் 2.1 மி.மீ.க்குக் கிடைக்கிறது. ஏழு மடங்கு!

எதிர்பாராதது ஒன்று: சுவர் மெலிந்த பகுதியில் அதிர்வு வந்தது. தொடும் நீளம் கூடும்போது பக்கவாட்டு விசையும் கூடுமே. அங்கே மட்டும் ஸ்டெப்ஓவரை 1 மி.மீ. ஆக்கினேன், அடங்கியது. அப்புறம், கட்டரின் ஆரத்தைவிட இறுக்கமான உள்வளைவுகளுக்கு இன்னும் பால் நோஸ்தான்.