மால்ட்டாவில் இம்னார்யா இரவு: வயதான அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (குளச்சல்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மால்ட்டாவில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணி செய்கிறாள். வரும் ஜூன் மாதம் அம்மாவையும் என்னையும் அங்கே அழைத்திருக்கிறாள். புனித இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்) திருநாளான ஜூன் 29 அன்று நாங்கள் அந்தத் தீவில்தான் இருப்போம். அதற்கு முந்தின இரவு முழுவதும் புஸ்கெட் என்ற தோப்பில் மக்கள் கூடிப் பாடியும் உண்டும் இம்னார்யா கொண்டாடுவார்கள் என்று தங்கை சொல்கிறாள். ஆனால் இரவுப்பணி காரணமாக அவள் இதுவரை போய்ப் பார்த்ததில்லை.

நம் பக்கம் ஆனி மாதம் என்றால் சாரலும் கொந்தளிக்கும் கடலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும்தான்; அந்த மாதத்தில் திறந்தவெளியில் விடிய விடிய இருப்பதை அம்மாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இது கோயில் திருவிழாவா, ஊர்த் திருவிழாவா? முழங்கால் வலியுள்ள அம்மாவால் அங்கே சில மணி நேரமாவது இருக்க முடியுமா? முயல்கறிதான் முக்கிய உணவு என்கிறார்கள். அம்மா அதைத் தொடமாட்டார். விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (தக்கலை, தற்போது மால்ட்டாவில் பணி)

அண்ணன் அவர்களுக்கு, தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். 29ஆம் தேதி திருச்சபையின் திருநாள், இங்கே அரசு விடுமுறையும்கூட. ஆனால் 28ஆம் தேதி இரவு புஸ்கெட்டில் நடப்பதை உழவர் திருவிழா என்றே நான் சொல்வேன். கோதுமை அறுவடை முடியும் காலம் அது; விளைபொருள்களையும் வளர்ப்பு விலங்குகளையும் கொண்டுவந்து காட்சிக்கு வைக்கிறார்கள். 1586இல் கட்டப்பட்ட வெர்டாலா அரண்மனையை ஒட்டிய இந்தத் தோப்பை, அப்போது தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்கள் தங்கள் வேட்டைக்காகப் பேணினார்கள். பேச்சிப்பாறைப் பக்கத்துக் காட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சிறியதாகத்தான் தெரியும். ஆனால் பாறையும் கல்மதிலுமாகக் கிடக்கும் இந்தத் தீவில் மரநிழலில் அமர்ந்து உண்ண இப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.

அம்மா அவசியம் கேட்க வேண்டியது ‘ஆனா’ என்னும் நாட்டுப்பாடலை. 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கலை இது. அதில் ஒரு வகை, நம் எசப்பாட்டைப் போலவே, இருவர் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவருக்கொருவர் பதில் சொல்வது. ஒருவர் நான்கு அடிகள் பாடி நிறுத்துவார்; இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இயைந்து வர வேண்டும். உடனே கிட்டார்கள் இடையிசையை எடுத்துக்கொள்ளும். அந்தச் சில நொடிகளுக்குள் எதிர்ப்பாடகர் தம் நான்கடிகளை மனத்துக்குள் கட்டி முடித்தாக வேண்டும். கூட்டம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் வாயெடுத்ததும் பேச்சுச் சத்தம் அப்படியே அடங்கிவிடும். மொழி புரியாவிட்டாலும், யார் யாரை மடக்கினார் என்பது கேட்பவர்களின் ஆரவாரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முயலைப் பூண்டும் திராட்சை மதுவும் சேர்த்துச் சமைப்பதுதான் அன்றைய சிறப்பு என்பது உண்மை. அம்மாவுக்குத் தக்காளி தேய்த்து, ஒலிவ எண்ணெய் விட்டு, சூரை மீன் வைத்த ரொட்டி வாங்கிக் கொடுங்கள். கடற்கரைக்காரர்களுக்குப் பிடிக்காமல் போகாது. மடக்கு நாற்காலி ஒன்றும் கையோடு இருக்கட்டும். வெயில் தணிந்த பிறகு போனால் போதும், ஆனால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தரை மேடும் பள்ளமுமாக இருக்கும்.

பதில் 2 (நாகர்கோவில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை)

தம்பி, உங்கள் அம்மாவின் வியப்பு நியாயமானதுதான். நாம் ஏறத்தாழ 8 பாகை வட அட்சத்தில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் ஒரு மணி நேர வேறுபாடுதான். அதனால் ஜூன் 21ஐ நாம் கவனிப்பதுகூட இல்லை. மால்ட்டா ஏறத்தாழ 36 பாகையில் இருப்பதால் அங்கே ஜூன் இறுதியில் பகல் பதினான்கரை மணி நேரம் நீள்கிறது; சூரியன் மறையவே இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். மழையும் அங்கே குளிர்காலத்துக்கு உரியது, கோடை வறண்டது. பகலெல்லாம் காயும் ஊரில் மக்கள் இரவை நாடி வெளியே வருவது இயல்புதானே.

மத்தியதரைக் கடலோர நாடுகள் பலவற்றில் ஜூன் 23 இரவு, அருளப்பர் (திருமுழுக்கு யோவான்) திருநாளுக்கு முந்தின இரவில், நெருப்பு மூட்டுவார்கள். மால்ட்டாவிலோ முற்காலத்தில் இம்னார்யாவுக்காகப் பழைய தலைநகரான இம்தீனாவின் மதில்களில் தீப்பந்தங்கள் ஏற்றப்பட்டன. சின்னப்பர் கப்பல் உடைந்து அந்தத் தீவில் கரையேறியபோது, மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்கு ஊரார் தீ மூட்டிக் கொடுத்ததைத் திருத்தூதர் பணிகள் 28ஆம் அதிகாரத்தில் அம்மா படித்திருப்பார். புஸ்கெட்டுக்குப் போகும் வழியில் உள்ள ரபாத் நகரில், அவர் தங்கியதாக நம்பப்படும் குகை கோயிலுக்கு அடியில் இருக்கிறது, அதையும் காட்டுங்கள்.

பதில் 3 (மார்த்தாண்டம்)

தக்கலை நண்பரின் கருத்திலிருந்து சற்று மாறுபடுகிறேன். பாட்டு அருமைதான், ஆனால் கடற்கரைப் பங்கில் இராயப்பர் திருவிழாவைக் கண்டு வளர்ந்த ஒரு தாய்க்கு அன்றைக்குத் திருப்பலியும் சுருபப் பவனியும் இல்லாவிட்டால் மனம் நிறையாது. பக்கத்துத் தீவான கோசோவில் நதூர் என்ற ஊரின் பங்குக் கோயில் இராயப்பர், சின்னப்பர் பெயரிலேயே இருக்கிறது; அவர்களுக்கு இம்னார்யாதான் ஊர்த் திருவிழா. சிர்கேவா துறையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் கோசோவை அடைந்துவிடலாம்.

கோசோவுக்குப் போகாவிட்டால், 29ஆம் தேதி ரபாத்தில் நடக்கும் குதிரை, கழுதைப் பந்தயத்தையாவது தவறவிடாதீர்கள். சேணம் இல்லாமல் வெறும் முதுகில் அமர்ந்து மேட்டுச் சாலையில் ஓட்டுவார்கள். வென்றவருக்குப் பரிசாகக் கிடைக்கும் பட்டுத்துணியை, பலிபீட விரிப்பாகத் தைத்துக்கொள்ளத் தம் ஊர்க் கோயிலுக்குக் கொடுத்துவிடுவது பழைய வழக்கம். இன்னொன்றும் சொல்வார்கள்: மனைவியை இம்னார்யாவுக்கு அழைத்துச் செல்வேன் என்று கணவன் திருமண ஒப்பந்தத்திலேயே உறுதி கொடுத்த காலம் ஒன்று இருந்ததாம். வயல்வேலையே கதியாகக் கிடந்த பெண்களுக்கு அந்த ஓர் இரவு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

கேட்டவர் (குளச்சல்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சர் சொன்ன அதிகாரத்தை அம்மா நேற்றே எடுத்து வாசித்துவிட்டார். 28ஆம் தேதி குகையைப் பார்த்துவிட்டுப் புஸ்கெட்டில் பத்து மணிவரை இருப்பது, மறுநாள் காலை நதூர் செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த ஒரு நாளுக்காவது தங்கை விடுப்புக் கேட்டிருக்கிறாள். தக்கலை நண்பரே, பத்து மணிக்கு மேல் புஸ்கெட்டிலிருந்து திரும்பப் பேருந்து கிடைக்குமா, அல்லது வாடகை வண்டியை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா?

பதில் 1 (தக்கலை)

வண்டியைச் சொல்லிவையுங்கள் அண்ணா. அன்றிரவு பேருந்தை நம்பி அம்மாவை நிறுத்திவைக்க வேண்டாம்.