ஜிமெயிலை விட்டுப் புரோட்டான் மெயிலுக்கோ டூட்டாவுக்கோ மாறலாமா? விபிஎன்னும் தேவையா?

கேள்வி: தி.நகர் கணக்கர்

வணக்கம். தி.நகரில் சிறிய அளவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர்களின் பான் அட்டை, படிவம் 16, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் பல வருடங்களாக என் ஜிமெயில் பெட்டியிலேயே கிடக்கின்றன. பிறர் என்னை நம்பிக் கொடுத்தவை என்பதால், கடிதங்களைக் குறியாக்கி (பிறர் படிக்க முடியாதபடி பூட்டி) வைக்கும் மின்னஞ்சல் சேவைகளான புரோட்டான் மெயில் அல்லது டூட்டாவுக்கு மாறிவிட நினைக்கிறேன். ஆனால் 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தபோது, புரோட்டான் மெயிலையே முடக்கும் பேச்சு எழுந்தது. தாக்கல் காலத்தின் நடுவில் அப்படி நடந்தால் என் நிலை என்ன? விபிஎன்னும் சேர்த்து வாங்கச் சொல்கிறான் மகன். அது அவசியமா?

பதில் 1: வேளச்சேரி

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. அன்று தமிழகக் காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் முடக்கும் முயற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்து அதிகாரிகள் தலையிட்ட பிறகு அது நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றமும் புரோட்டான் மெயிலை முடக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே எந்த நிறுவனத்தின் பெயரையும் உங்கள் முகவரியில் சுமக்காதீர்கள். சொந்தமாக ஒரு டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கி, அதன்கீழ் முகவரியை அமைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு சேவை முடங்கினாலும், டொமைனின் எம்எக்ஸ் பதிவை (கடிதம் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) வேறொரு நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டால் புதிய கடிதங்கள் அங்கே வரத் தொடங்கும். வாடிக்கையாளருக்குப் புது முகவரி சொல்ல வேண்டியிருக்காது. இரண்டு சேவைகளிலும் கட்டணத் திட்டத்தில்தான் சொந்த டொமைன் வசதி உண்டு. என் கருத்தில் நீங்கள் செலவழிக்க வேண்டிய பணம் அதற்குத்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புரோட்டானில் கடவுச்சொல் மறந்து புதிதாக அமைத்தால், மீட்புச் சொற்றொடர் போன்ற ஏதேனும் கையில் இல்லாதபோது பழைய கடிதங்கள் பூட்டியபடியே நின்றுவிடும். நிறுவனத்தாலும் திறந்து தர இயலாது. டூட்டாவிலும் மீட்புக் குறியீடு அத்தனை முக்கியம். காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள்.

பதில் 2: அண்ணா நகர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பெட்டியை மாற்றுவதால் மட்டும் கடிதம் முழுவதும் மறைந்துவிடாது. வாடிக்கையாளர் ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் அவரது பெட்டியில் ஒரு பிரதி அப்படியே இருக்கும். இருமுனைக் குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு) இரு தரப்பும் ஒரே சேவையில் இருக்கும்போது தானாக நிகழும். வெளியாருக்கு அனுப்புகையில் கடவுச்சொல் பூட்டிய கடிதமாக அனுப்பும் வசதியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் தொழிலில் பெயரையும் பான் எண்ணையும் தலைப்பு வரியிலேயே எழுதும் பழக்கம் உண்டு. தலைப்பு வரி டூட்டாவில் குறியாக்கம் பெறுகிறது. புரோட்டானில் அதற்கு இருமுனைக் குறியாக்கம் இல்லை. வருமான வரித் தளத்திலிருந்து இறக்கும் ஏஐஎஸ் (ஆண்டு வருமானத் தகவல் அறிக்கை) கோப்பின் கடவுச்சொல்லோ பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தது. இரண்டுமே பான் அட்டையில் அச்சாகியிருக்கின்றன. அட்டையின் படத்தையும் அந்தக் கோப்பையும் ஒரே கடிதத்தில் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். அதற்கு எந்தச் சேவைக்கும் மாற வேண்டியதில்லை.

தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருள்களைக் கணினியில் பயன்படுத்துவீர்களானால் புரோட்டானோடு இணைக்கப் பிரிட்ஜ் என்ற செயலி தேவை. அது கட்டணத்தாரர்களுக்கு மட்டும். டூட்டாவில் அத்தகைய மென்பொருள்களோடு இணைக்கும் ஐமேப் வசதியே கிடையாது.

பதில் 3: பெரம்பூர்

விபிஎன் பற்றி மட்டும் சொல்கிறேன். அது உங்கள் அஞ்சல் பெட்டியைக் காக்காது. உலாவிக்கும் அஞ்சல் சேவைக்கும் இடையிலான போக்குவரத்து ஏற்கெனவே குறியாக்கப்பட்டே செல்கிறது. விபிஎன் செய்வதெல்லாம், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இணைய இணைப்பு தருபவரிடமிருந்து மறைத்து, விபிஎன் நிறுவனத்தின் பார்வைக்கு மாற்றுவதுதான். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டதும், அவற்றில் பல இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ஆகவே வங்கித் தளங்களுக்கு நீங்கள் வெளிநாட்டிலிருந்து வருவதாகத் தோன்றி, உள்ளே விட மறுக்கக்கூடும்.

பிற்காலத்தில் தேவைப்பட்டால் முல்வாட் என்ற விபிஎன் சேவையைப் பாருங்கள். மாதம் 5 யூரோ. பெயரோ மின்னஞ்சலோ கேட்காமல் ஓர் எண்ணை மட்டும் தருவார்கள். 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை அவர்களது அலுவலகத்துக்குச் சோதனையிட வந்து, வாடிக்கையாளர் தகவல் எதுவுமின்றித் திரும்பியது. இப்போதைக்கு அஞ்சல் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை, குறுஞ்செய்தி வழியாக அல்லாமல் அதற்கான செயலி வழியாக, இன்றே அமைத்துவிடுங்கள்.

தி.நகர் கணக்கர்

மூவருக்கும் மிக்க நன்றி. டொமைனை இப்போதே வாங்கிவிட்டு, தாக்கல் காலம் முடிந்ததும் மாறுகிறேன். ஜிமெயிலில் இருக்கும் பழைய கோப்புகளை என்ன செய்வது?

பதில்: வேளச்சேரி

கூகுள் டேக்அவுட் வழியாக முழுவதையும் இறக்கி, குறியாக்கம் செய்த வட்டில் வையுங்கள். அது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே ஜிமெயிலில் அழியுங்கள்; குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும், அதையும் காலி செய்யுங்கள். கணக்கை மட்டும் மூடாதீர்கள். வங்கி, வருமான வரித் தளம், டிஜிலாக்கர் எல்லாவற்றிலும் புது முகவரி பதிவாகும்வரை மின்னஞ்சலுக்கு அனுப்பப்படும் ஓடிபியும் அறிவிப்புகளும் அங்கேதான் வரும்.