மறுமொழி: 'சஸ்பென்ஷன் கிளியரன்ஸ்' ஒரு சொல்லில் அடங்காது, மூன்று வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

காரின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்புதான் சஸ்பென்ஷன். அதன் கிளியரன்ஸுக்கு 'தொங்கல் இடைவெளி' என்று வைத்துக்கொள்ளலாம் என இங்கே ஒரு கருத்து வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரில் கிளியரன்ஸ் என்று நாம் சொல்வது மூன்று வெவ்வேறு இடங்களை: தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ளது, டயருக்கும் மட்காடுக்கும் நடுவே உள்ளது, ஸ்பிரிங் அமுங்க மிச்சமிருப்பது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையில் இருக்கும் வேலையே தப்பாகப் போகும். என் அக்கா மகன் கார் விஷயத்தில் அப்படித்தான் ஆனது.

அவன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறான். காரைத் தாழ்த்த ஆசைப்பட்டு குட்டை ஸ்பிரிங் போட்டான். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காடு விளிம்பு வரை 375 மி.மீ. இருந்தது 335 ஆனது, அதாவது 40 மி.மீ. இறக்கம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு பேர் ஏறி புதுச்சேரிக்குக் கிளம்பினால் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் 'டக்'கென்று ஓர் அடி, ஸ்டியரிங்கில் கை அதிரும். ஸ்பிரிங் மாற்றிய கடையில் கேட்டதற்கு "கிளியரன்ஸ் பத்தல" என்றார்கள். அதை டயருக்கும் மட்காடுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று இவன் எடுத்துக்கொள்ள, அவர்களும் மறுக்காமல் மட்காடு விளிம்பை உள்ளே மடித்துக் கொடுத்தார்கள், டயரையும் ஒரு சைஸ் குறைத்தார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை.

அப்புறம்தான் முதலியார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் சக்கரக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், டயர் பட்டுப் பளபளத்த தடம் எங்கும் இல்லை. பிறகு ஷாக் அப்சார்பரின் ரப்பர் உறையை மேலே சுருட்டிவிட்டு, உள்ளே இருக்கும் தண்டைத் துணியால் துடைத்து, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றை அதில் சுற்றி இறுக்கிக் கீழே தள்ளி வைத்தார். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆரியங்குப்பம் பாலம் வரை போய்த் திரும்பினோம். வந்து பார்த்தால் டேக் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்போடு, அதாவது ஸ்பிரிங் அமுங்கி முடியும் இடத்தில் இருக்கும் முட்டு ரப்பரோடு, ஒட்டி நிற்கிறது. வண்டி காலியாக நிற்கும்போதே அந்தத் தண்டில் மிச்சமிருந்தது 22 மி.மீ. தான். "டயர் உரசல சார், உள்ள இடிக்குது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பட்டறையில் மூன்றுக்கும் மூன்று வினை ஏற்கெனவே இருக்கிறது: அடி தட்டுது, டயர் உரசுது, உள்ள இடிக்குது. யாரும் மாற்றிச் சொல்வதில்லை. பெயர்ச்சொல்லுக்கு வரும்போது மட்டும் எல்லாம் 'கிளியரன்ஸ்' என்று ஒன்றாகக் குழைந்துவிடுகிறது. நாமும் 'இடைவெளி' என்று பொதுவாகச் சொன்னால் அதே குழப்பம் தமிழில் தொடரும்.

அக்கா மகன் அங்கேயே கேட்டான், பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் என்ன என்று. வெட்டலாம், ஸ்பிரிங் அமுங்க இடம் கூடும். ஆனால் சக்கரம் அந்த அளவுக்கு இன்னும் மேலே ஏறும், அப்போது டயர் மட்காடில் உரசும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிற இரண்டு அளவுகளுக்கு ஒரே சொல் எப்படிப் பொருந்தும்? (கடைசியில் 20 மி.மீ. மட்டும் இறக்கும் ஸ்பிரிங் போட்டோம், சத்தம் நின்றது.)

என் முன்மொழிவு இதுதான். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ளது 'தரையிடைவெளி', இதைப் பலரும் ஏற்கெனவே எழுதுகிறார்கள், மாற்ற வேண்டாம். டயருக்கும் மட்காடுக்கும் நடுவே உள்ளது 'மட்காட்டு இடைவெளி'. மட்காடு வந்தேறிச் சொல்தான், ஆனால் சைக்கிள் காலத்திலிருந்து நம் வாயில் இருக்கிறது. மூன்றாவது, முட்டு ரப்பரில் போய் இடிக்கும்வரை அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம். இதற்கு 'அமுங்கிடம்'. அமுங்கு + இடம், வினைத்தொகை. ஏன் 'அமுக்கிடம்' இல்லை என்றால், பாரத்தில் ஸ்பிரிங் தானாக அமுங்குகிறது, தன்வினைதான் பொருத்தம். 'அமுக்கம்' என்று போனால் இலங்கைத் தமிழர் அதை அழுத்தம் என்று படிப்பார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சான்று. பிரெஞ்சில் தரையிடைவெளிக்கு 'கார்து ஓ சொல்', ஸ்பிரிங் ஏறி இறங்கும் தூரத்துக்கு 'தெபத்மான்'. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிச் சொற்கள்.

'தொங்கல்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பழைய குதிரை வண்டிகளின் கூண்டைத் தோல் வாரில் தொங்கவிட்டார்கள், அதனால்தான் ஆங்கிலத்தில் தொங்கவிடுதல் என்ற பொருளில் 'சஸ்பென்ஷன்' என்று பெயர். நம் ஊரில் எதுவும் தொங்கவில்லை, வில் மேல் உட்கார்ந்தது, வில்வண்டி என்றோம். பள்ளிப் புத்தகத்திலும் ஸ்பிரிங் சுருள்வில்தான். அப்படியிருக்க சஸ்பென்ஷனுக்கு 'வில்லமைப்பு' என்பதே இயல்பு.

வேகத்தடையில் இடித்தால் தரையிடைவெளிதானே பிரச்சினை என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்திய சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். அச்சுகளுக்கு நடுவே 2.5 மீட்டர் உள்ள கார் அதன் உச்சியைத் தாண்டும்போது நடுவயிற்றில் தரையிடைவெளி குறைவது சுமார் 46 மி.மீ. தான். தாழ்த்திய காரும் மெதுவாகப் போனால் தட்டாது. தெருவில் அவரவர் கொட்டி வைத்த குறுகிய மேடு வேறு கதை, அங்கே நிச்சயம் அடி தட்டும். ஆனால் எங்களுக்குக் கேட்ட சத்தம் அடியிலிருந்து வரவில்லை, அடித்தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அமுங்கிடம் தீர்ந்து உள்ளே இடித்த சத்தம் அது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் விரிகிறதே, அந்தப் பக்கத்துத் தூரத்துக்கு 'விரிவிடம்' என்று எழுதிப் பார்த்தேன், வீட்டு மனை விளம்பரம் போல ஒலிக்கிறது. லாரிப் பட்டறைப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.