அகிம்சை உறுதிமொழி எடுத்த அன்றே வகுப்பில் கைகலப்பு, இதை எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

எட்டாம்வகுப்பு டீச்சர்
சர்வதேச அகிம்சை நாளையொட்டி வகுப்பில் சுவரொட்டி வரைந்தோம், உறுதிமொழி எடுத்தோம், ஒரு மாணவி காந்தியைப் பற்றி அழகாகப் பேசினாள். அன்று மதியமே ஜன்னலோர இடம் யாருக்கு என்று இரண்டு பையன்களுக்குள் கைகலப்பு. சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்துவிட்டன. விலக்கிவிட்டுப் பார்த்தால், இழுத்தவன் காலையில் புறா வரைந்தவன், நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. வழக்கம்போல 'சாரி' சொல்ல வைத்துக் கைகுலுக்க வைத்தேன், மறுநாளும் முறைத்துக்கொண்டுதான் நின்றார்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்க என்னால் முடியும். அதில் உருப்படியாக என்ன செய்யலாம்?

பள்ளி ஆலோசகர்
டீச்சர், முதலில் அந்தக் கட்டாய 'சாரி'யை விட்டுவிடுங்கள். அது சண்டையை முடிப்பதில்லை, மூடி வைக்கிறது. "ஏன் அடித்தாய்?" என்றும் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் தனக்குத் தானே வக்கீலாகிவிடும். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, யாருக்கு என்ன பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யலாம், இவ்வளவுதான் நான் கேட்பது. ஒருவன் பேசி முடித்ததும் மற்றவன் தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை பாதிக் கோபம் இறங்குவது அந்த இடத்தில்தான். ஆனால் சண்டை நடக்கும்போது இதைத் தொடங்கினால் ஒன்றும் நடக்காது, எல்லாரும் அமைதியாக இருக்கும் நாளில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக உட்கார்ந்து சின்னச் சின்ன விஷயத்தில் பழக்கியிருக்க வேண்டும்.

பழைய வரலாற்று வாத்தியார்
அகிம்சையை வெறும் நல்ல குணமாகச் சொல்லிக்கொடுப்பதுதான் கோளாறு என்பேன், அது பயிற்சி. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்கு ஜேம்ஸ் லாசன் நடத்திய வகுப்புகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காந்தியின் வழியை இந்தியாவில் இருந்து படித்துவிட்டுப் போனவர் அவர். வகுப்பில் சில மாணவர்கள் எதிராளியாக நடிப்பார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து தள்ளுவார்கள். மற்றவர்கள் திருப்பி அடிக்காமல், தலையைப் பாதுகாத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனையும் காப்பாற்றப் பழகுவார்கள். அப்படி ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் 1960 பிப்ரவரியில், கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்த கடைகளின் உணவு மேடைகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள், கைதானார்கள். அதே ஆண்டு மே மாதம் அந்தக் கடைகள் அவர்களுக்குப் பரிமாறத் தொடங்கின. இதைக் கேட்ட பிறகு என் மாணவர்கள் யாரும் அகிம்சையைக் கோழைத்தனம் என்று சொன்னதில்லை.

ஒரு அம்மா
எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. என் மகளை ஒரு வருடம் முழுக்கக் கேலி செய்தார்கள், பையை ஒளித்து வைத்தார்கள், போய்ச் சொன்னால் "பொறுத்துப் போம்மா" என்றே பதில் வந்தது. அகிம்சை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். அடி வாங்குகிற பிள்ளையிடம் போய் அமைதிப் பாடம் எடுக்காதீர்கள். முதலில் அந்த அடியை நிறுத்துங்கள்.

பழைய வரலாற்று வாத்தியார்
அம்மா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 1955 மார்ச் 2 அன்று, பேருந்தில் வெள்ளையருக்காக இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பின மாணவி கிளாடெட் கால்வினுக்கு வயது 15. அவர் யாரையும் தாக்கப் போகவில்லை, ஆனால் பொறுத்தும் போகவில்லை. மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளி ஆலோசகர்
நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பக் குறிவைத்தால் அது சண்டை இல்லை, அங்கே இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசவே கூடாது. பெரியவர்கள் நேரடியாகத் தலையிட வேண்டும்.

எட்டாம்வகுப்பு டீச்சர்
எல்லாருக்கும் நன்றி. வகுப்போடு இரண்டு வாரம் வட்டமாக உட்கார்ந்து பழகிவிட்டு, நேற்று அந்த இரண்டு பையன்களிடமும் தனியாகப் பேசினேன். "பொத்தான் போன சட்டையோடு வீட்டுக்குப் போனால் அடி விழும்னு பயமா இருந்துச்சு" என்றான் சின்னவன். புறா வரைந்தவனால் இதைத் திருப்பிச் சொல்லவே முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டான். இன்று காலை, பெஞ்சுக்கு அடியில் தேடினேன் என்று ஒரு பொத்தானைக் கொண்டுவந்து கொடுத்தான். மற்றது கிடைக்கவில்லையாம்.

அப்புறம் ஒரு சந்தேகம், வட்டத்தில் ஒரு பெண் வாயே திறப்பதில்லை. வற்புறுத்தலாமா?

பள்ளி ஆலோசகர்
வேண்டாம். "அடுத்தவங்க பேசட்டும்" என்று சொல்லிக் கடந்துபோகும் உரிமை எல்லாருக்கும் இருக்கட்டும். ஒரு துண்டுத் தாளை மட்டும் அவள் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.